முழுகாம வந்த அக்கா

முத்தையாபுரத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் டவுன் பஸ், துறைமுகத்து லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றது. என் முன் இருக்கையில் இரண்டு பல் மருத்துவ மாணவிகள், மடியில் வெள்ளைக் கோட்டோடு. ஒருத்தி சென்னைப் பேச்சு, மற்றவள் இந்த ஊர்க்காரி.

“ஏன்டி, இந்த ஊர்ல குளிக்காம வந்தா எக்ஸ்ரே எடுக்கக் கூடாதா?” என்றாள் சென்னைக்காரி.

“யாரு சொன்னா?”

“காலைல ஒரு அக்கா. கடவாப் பல்லுக்கு எடுக்கப் போறேன், ‘முழுகாம இருக்கேன், எடுக்கலாமா’ன்னு கேட்டாங்க.”

ஊர்க்காரி முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“ஏளா, முழுகாம இருக்கேன்னா மாசமா இருக்கேன்னு அர்த்தம்!”

சென்னைக்காரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஊர்க்காரி விடவில்லை.

“வயித்துல கதிர் படாம ஈய ஏப்ரனாவது போட்டு விட்டியா?”

“இல்ல. அது சுவத்துலயே தொங்குச்சு.”

“ஒத்தப் பல்லுக்கு எடுத்த படம்தான, பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுளா. நாளைக்கு சார்ட்ட சொல்லிருவோம்.”

“ஆகாதுன்னு தெரியும்டி. கர்ப்பிணியான்னு முதல்ல கேக்கணும்னு பரீட்சைல எழுதி முழு மார்க் வாங்கினவ நான். இங்க நான் கேக்கவே இல்ல. அவங்களா சொன்னாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“‘பரவால்லக்கா, நானும் இன்னைக்குக் குளிக்கல’ன்னு சிரிச்சேன். அவங்க என்னை ஒரு மாதிரி பாத்துட்டு வாயைத் தொறந்தாங்க.”