வாக்குத்தத்தப் பெட்டி

எங்க பூண்டியில மார்கழி வந்துட்டா காகிதமெல்லாம் நமத்துப் போயிருங்க ஐயா. அப்பளமும் நமக்கும், வேதப்புத்தகமும் நமக்கும். அதனாலதான் வாக்குத்தத்த அட்டைகளைப் போட்டு வைக்க ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியைக் கொண்டாந்து குடுத்தேன். நீங்க கொடைக்கானல்ல இருந்து இந்தச் சபைக்குப் போதகரா புதுசா வந்திருக்கீங்க. அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது ஒரே வசனம் அடிச்ச அட்டை முப்பத்தொன்பது இருந்துச்சு, என்ன முருகவேல் இதுன்னு கேக்குறீங்க. நியாயமான கேள்விதான். உக்காருங்க, சொல்றேன்.

வருஷப்பொறப்பு அன்னைக்கு ஆராதனை முடிஞ்சதும் ஆளாளுக்குக் கண்ணை மூடி, பெட்டிக்குள்ள கையை விட்டு, ஒரு அட்டை எடுப்பாங்க. அதுல இருக்கிற வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் குடுத்த வார்த்தை. பன்னெண்டு வருஷமா பெட்டி என் பொறுப்பு. வேற சோலியில நான் முன்னப்பின்ன இருந்தாலும் இதுல சுத்தமா இருந்தேன்.

ஞானஸ்நானம் எடுத்த அன்னைக்கே வீட்டுல மாட்டியிருந்த சாமி படத்தைப் பங்காளி வீட்டுல குடுத்துட்டேன். அன்னையில இருந்து விக்கிரகத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சவன் நிறுத்தவே இல்ல. மைக்கைக் கண்டா எனக்குச் சாமி வந்துரும். பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி அக்கா பூண்டு ஊனுறதுக்கு முன்னால கோயில்ல பூக்கட்டிப் பாக்கும். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், செவப்புப்பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தா உத்தரவு, செவப்பு வந்தா இல்ல. "ஏக்கா, கடவுளைச் சீட்டுக் குலுக்க வைக்கிறியே"ன்னு கேட்டேன். "உங்க தகரப்பெட்டியில என்னத்தப்பா குலுக்குறீங்க"ன்னு அது கேட்டுச்சு. அரைமணி நேரம் விளக்கம் சொன்னேன். அந்த விளக்கத்துல ஒரு வரி கூட இப்ப ஞாபகம் இல்லைங்க.

என் பொஞ்சாதி ராஜகுமாரியை நீங்க பாத்ததில்ல. அவளுக்கு நெஞ்சுல ஒரு வால்வு சரியில்ல. நாலு வருஷத்துக்கு முன்னாடி மூச்சு வாங்கிப் படுத்துட்டா. நான் மூணு நாள் உபவாசமிருந்து ஜெபம் பண்ணேன், எந்திரிச்சுட்டா. அதுல இருந்து எங்க கூப்பிட்டாலும் போயி சாட்சி சொல்லுவேன். பேத்துப்பாறையில இருந்து ஜீப்பு புடிச்சு வந்து கேப்பாங்க. கேக்குறவங்க அழுவாங்க, அவங்களைப் பாத்து நானும் அழுவேன். அந்த மூணு நாளும் அவ ஆஸ்பத்திரி மாத்திரையையும் முழுங்குனா. சாட்சியில மாத்திரைக்கு எடம் வைக்கலைங்க. கேக்க நல்லா இருக்காது.

போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில மறுபடியும் மூச்சு வாங்குச்சு. மதுரையில பெரிய டாக்டர் பாத்துட்டு, வால்வை மாத்தியே ஆகணும், தை மாசமே வந்துருங்க, காப்பீட்டுலயே செஞ்சிரலாம், வெரசா செஞ்சா பொழைச்சுக்குவாங்கன்னாரு. ராஜகுமாரி பயப்படலை. "ஏங்க, ஆண்டவர்கிட்டயே கேட்டுருவோம். நீ போ, நான் கூட வாரேன்னு வசனம் வந்தா மதுரைக்குப் போறேன். குணமாக்குவேன்னு வந்தா இங்கனயே இருந்துக்கிறேன்"னா.

அப்ப ஒட்டன்சத்திரத்துல சித்திரைக்கு ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்துச்சு. நோட்டீஸ்ல என் போட்டோ. அவ்வளவு பெரிசா என் மூஞ்சியை நானே பாத்ததில்ல. கீழ 'மருந்தில்லா அற்புதம்'னு போட்டிருந்தாங்க. சாமி படம் இருந்த ஆணி சும்மாதானே கெடக்குன்னு அதை அங்கயே மாட்டுனேன். சிரிக்கலாங்க, நானே சிரிச்சிருக்கேன். நெஞ்சைப் பொளந்த தையலோட அவ முன் வரிசையில உக்காந்திருந்தா நான் என்னத்தைச் சாட்சி சொல்றது, சொல்லுங்க.

நோட்டீஸ் அடிச்ச அச்சாபீஸ்லயே அட்டையும் அடிச்சேன். குணமாக்குவேன்கிற வசனம், நாப்பது அட்டை. ஒண்ணு போதாதான்னா, போதாது. துழாவுற கைக்கு நெறைய தட்டுப்படணும். பழைய அட்டையெல்லாம் எடுத்து வச்சுட்டு இதை மட்டும் பெட்டியில போட்டேன். வருஷப்பொறப்பு அன்னைக்குக் குளிர்ல நீ வர வேணாம்மா, பெட்டியை நான் வீட்டுக்கே கொண்டாரேன்னேன். என்ன கரிசனம்னு அவ கண்ணுல தண்ணி. கண்ணை மூடுனா, ஜெபம் பண்ணா, ரொம்ப நேரம் துழாவி அடியில இருந்து ஒண்ணை எடுத்தா.

மதுரைக்குப் போகலை. மாத்திரையையும் அவளே நிறுத்திட்டா. அதை நான் சொல்லலைங்க, எழுதிக்கங்க. வேண்டாம்னும் சொல்லலை.

மாசியில பூண்டு பிடுங்கி லாரி வந்து நிக்குது. இவ படுத்தா மூச்சு முட்டுதுன்னு ராவும் பகலும் உக்காந்தே இருந்தா. காலு ரெண்டும் வீங்கிப்போச்சு. சின்னத்தாயி அக்கா வந்து, "ஏலே முருகவேலு, லாரி சும்மாதானே நிக்குது, புள்ளையை ஏத்திக்கிட்டுப் போயேண்டா"ன்னு கையைப் புடிச்சு அழுதுச்சு. ராஜகுமாரி தலகாணிக்கடியில இருந்து அட்டையை எடுத்துக் காட்டுனா. "அக்கா, அவரே சொல்லிட்டாரு. நீங்க பயப்படாதீங்க"ன்னா. என்னைப் பாத்துச் சிரிச்சா. எனக்குப் பெருமையா இருந்துச்சுங்க. இம்புட்டு விசுவாசம் என் வீட்டுலயான்னு.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரெண்டு மாசத்துக்கு மேல கையில இருந்துச்சு. இன்னும் ஒரு வாரம் தாங்கிட்டா சாட்சி ரெண்டு மடங்கு ஆகும்னு நெனச்சேன். நாலாம் நாள் வெள்ளனே போய்ச் சேந்துட்டா. அட்டையை அவ கையிலயே வச்சு அடக்கம் பண்ணோம். அதனாலதான் உங்களுக்கு முப்பத்தொன்பது கெடைச்சது. சித்திரைக் கூட்டத்துக்கும் போனேன். பரலோகத்துல அவளுக்குப் பூரண சுகம்னு சாட்சி சொன்னேன். நல்ல கூட்டம்.

சின்னத்தாயி அக்காவுக்கு அந்த வருஷம் செவப்புப்பூ வந்துச்சு, ஊனாம விட்டுருச்சு. பொட்டலம் ரெண்டுலயும் வெள்ளையைக் கட்டலாம்னு அதுக்குத் தோணவே இல்ல பாருங்க. பாவம், படிப்பில்லாத பொம்பளை.

ராஜகுமாரியைக் கொன்னது நான்தாங்க. யாருகிட்ட வேணாலும் சொல்லுங்க, நானே போலீசுக்கும் வாரேன். மனுசங்க என்ன பண்ணாலும் எனக்குக் கவலையில்ல, ஆண்டவர் என்னை மன்னிச்சுட்டாரு. நேத்து வருஷப்பொறப்புக்கு நீங்கல்லாம் போன பொறவு பெட்டியில இருந்து நானும் ஒண்ணு எடுத்தேன். உன் பாவத்தை இனி நெனைக்கமாட்டேன்னு தெளிவா வந்துச்சு. அந்தக் கட்டு உங்க கண்ணுல படலை போல, மேல் தட்டுல இருக்கு. அதுவும் நாப்பது, அதே அச்சாபீஸ். ஆனா எடுக்கும்போது கண்ணை நல்லா மூடிக்கிட்டுத்தாங்க எடுத்தேன்.