அவளுக்குப் பதிலாக

இன்னொருவருக்குச் சிக்கெடுத்துத் தலைவாரிவிடுவது லேசான காரியம் இல்லை, மேடம். நான் அதைக் கற்றுக்கொண்டது நாற்பத்தொன்பதாவது வயதில். நுனியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர வேண்டும். உச்சியிலிருந்து இழுத்தால் வலிக்கும். இந்த நான்கு வருடத்தில் என் மனைவிக்கு ஒருநாளும் நான் வலிக்க வாரியதில்லை. மைத்துனி உங்களிடம் கொடுத்த புகாரில் இது இருக்காது. நான் நல்லவன் என்று காட்டவும் இதைச் சொல்லவில்லை. அவளைக் குளிப்பாட்டிச் சோறூட்டியவனும் நான்தான், அந்தப் புகாரில் இருப்பதைச் செய்தவனும் நான்தான். இரண்டையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். பத்தொன்பது வருடம் அதே பயிற்சிப் பள்ளி. ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை நடுங்குகிறவர்களை மூன்றே வாரத்தில் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோய்விடுவாள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவன். நாள் முழுக்க மிஷின் சத்தத்தில் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேசுவேன். ஓட்டலில் அவளுக்கு என்ன வேண்டும் என்று நான் சொல்வேன். டாக்டர் அவளிடம் கேட்டால் நான் பதில் சொல்வேன். அவள் தங்கை போன் செய்தால், அவள் நலமாக இருக்கிறாள் என்பதையும் நானே சொல்லிவிடுவேன். அது அக்கறை என்றுதான் நினைத்திருந்தேன்.

பக்கவாதத்தில் அவளுக்கு வலது கையும் காலும் தளர்ந்துபோயின. பேச்சும் போனது. ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது: ‘பிரேக்கு’. தண்ணீர் வேண்டுமென்றாலும் பிரேக்கு, ஃபேனை நிறுத்து என்றாலும் பிரேக்கு. டிவியில் எவனாவது கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டினாலும் பிரேக்கு. அந்த ஒரு இடத்தில் மட்டும் வார்த்தை கச்சிதமாகப் பொருந்திவிடும். இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம்.

அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் நினைத்தார்கள். அப்படி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். முதல் நாளே எனக்கு விளக்கிச் சொன்னாள்.

“சார், நாம பேசுறது அவங்களுக்கு முழுசாப் புரியுது. என்ன சொல்லணும்னும் தெரியுது. அந்த வார்த்தையை எடுத்து வெளியில கொண்டுவர்ற வழிதான் மூளையில அடிபட்டிருக்கு. நாம தப்பாப் புரிஞ்சுக்கிட்டா அவங்களுக்கு அது நல்லாத் தெரியும். ‘அது இல்ல’ன்னு சொல்லத்தான் முடியாது.”

நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். தெரியாமல் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

‘பிரேக்கு’ என்பதை அவள் எத்தனை விதமாகச் சொல்வாள் என்பது ஒரு மாதத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. இழுத்துச் சொன்னால் தாகம். வெட்டிச் சொன்னால் கோபம். மெதுவாக இரண்டு முறை சொன்னால் பாத்ரூம். மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்காது. என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் சொல்வேன்.

தங்கை வந்தாள். இவள் இடது கையால் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, வாசல் பக்கம் தலையை ஆட்டி ஆட்டி, “பிரேக்கு, பிரேக்கு” என்று அழுதாள்.

“என்ன மாமா சொல்றா அக்கா?”

“நீ அழறதைப் பாக்க அவளால தாங்க முடியலயாம். கிளம்பச் சொல்றா.”

என் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். தங்கை அவள் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். அன்று சாயங்காலம் தலைவாரும்போது அலமாரிக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

அதற்கப்புறம் அது பழகிவிட்டது. தங்கை வாராவாரம் வந்தவள், மாதம் ஒருமுறை வந்தாள், அப்புறம் எப்போதாவது வந்தாள். தன்னைப் பார்த்தாலே அக்காவுக்கு உடம்பு படபடக்கிறது என்று அவளையே நம்பவைத்திருந்தேன். பயிற்சிப் பள்ளியிலிருந்து தோழிகள் வந்தார்கள். யாரையும் பார்க்க அவள் கூச்சப்படுகிறாள் என்றேன். அவள் எதிரிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில், யாராவது வந்தால் வாயே திறப்பதில்லை என்று ஆகிவிட்டாள். அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த வாக்கியத்தைச் சொல்லக் கூசுகிறது. ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

பயிற்சிக்கு வந்த பெண்ணை நிறுத்தியது ஏழாவது வாரம். பேச முடியாத சிலருக்குப் பாட முடியும் என்று அவள் சொல்லியிருந்தாள். என் மனைவியின் இடது உள்ளங்கையைத் தட்டித் தட்டி ஒரு சின்ன மெட்டை முனகுவாள், இவளும் கூடவே முனகுவாள். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முனகல் வார்த்தையாக மாறியது. “தங்... கச்சி... வீடு...” அந்தப் பெண் சந்தோஷத்தில் கைதட்டினாள். நான் குழாயை மூடவும் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

நாங்கள் வேறு ஊருக்குக் குடிபோகிறோம் என்று மறுநாள் அவளுக்குப் போன் செய்து சொன்னேன். “முதல் வருஷம்தான் சார் ரொம்ப முக்கியம், அங்க போயும் விட்டுடாதீங்க” என்றாள். சரி என்றேன். இனிமேல் முன்னேற்றம் இருக்காது என்று பயிற்சிக்காரப் பெண்ணே கைவிரித்துவிட்டாள் என்று தங்கையிடம் சொன்னேன். பயிற்சிக்காக அந்தப் பெண் கொடுத்திருந்த படப் புத்தகத்தைப் பரணில் போட்டேன்.

காரணம் கேட்டீர்கள். அவளுக்குப் பேச்சு போவதற்கு முந்தின நாள் மாலை, வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னாள். “நாளைக்குக் காலையில தங்கச்சி வீட்டுக்குப் போறேன். திரும்பி வர மாட்டேன். நீங்க கெட்டவர் இல்லை. ஆனா யார் என்னைக் கேட்டாலும் பதில் உங்க வாயிலிருந்துதான் வருது. எனக்கும் வாய் இருக்குங்க.” தங்கையிடம் நேரில் சொல்லிக்கொள்வதாக இருந்தாள். ஆகவே அதைக் கேட்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

போன மாதம் மைத்துனி தன்னோடு வேலை செய்கிறவரின் அப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். அங்கே, ஆரம்பத்தில் எங்கள் வீட்டில் அவளைப் பார்த்திருந்த பேச்சுப் பயிற்சிக்காரி அடையாளம் கண்டுகொண்டு, “உங்க அக்கா எந்த ஊர்ல இருக்காங்க?” என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். மறுநாள் மத்தியானம் நான் சாப்பாட்டுக்கு வந்தபோது இரண்டு பேரும் என் வீட்டில் இருந்தார்கள். அந்தப் பெண் உள்ளங்கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான்கு வருடம் கழித்தும் மெட்டு என் மனைவிக்குள் இருந்திருக்கிறது. “போ... க... ணும்...” என்று பாடினாள்.

மைத்துனி கத்தவில்லை. “அக்கா என்ன சொல்றா மாமா? நீங்கதானே சொல்வீங்க, சொல்லுங்க” என்றாள்.

புரியவில்லை என்று சொன்னேன்.

அவர்கள் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள். படியில் இறங்கும்போது அவள் என் பக்கம் திரும்பவில்லை. இவ்வளவும் புகாரிலேயே இருக்கும். மைத்துனிக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. நீங்களும் அதைக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை மணிக்கு ஆச்சு?” ரத்தக் குழாயில் அடைப்பு, அதைக் கரைக்க ஊசி இருக்கிறது, ஆனால் ஆரம்பித்த நேரம் நிச்சயமாகத் தெரிந்தால்தான் போட முடியும் என்றார். தூங்கி எழுந்து பார்த்தேன், ஏற்கெனவே இப்படித்தான் கிடந்தாள் என்று சொன்னேன். அப்படியானால் போட முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் தூங்கவில்லை. மணி ஆறு பத்து. அவள் படுக்கையறை வாசலில் பெட்டியோடு நின்றாள். உதடு ஒரு பக்கம் இழுத்தது, பெட்டி கையிலிருந்து நழுவியது, கால் மடங்கிச் சரிந்தாள். என் கண்ணெதிரில்தான் நடந்தது. நேரத்தைச் சொன்னால், அதற்கப்புறம் ஒரு மணி நேரம் என்ன செய்தாய் என்று கேட்பார்கள்.

பெட்டியைத் திறந்தேன். அவள் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடிப்புக் கலைந்தவற்றை மறுபடி மடித்து, அலமாரியில் அவை இருந்த தட்டிலேயே அடுக்கினேன். ஓட்டுநர் உரிமத்தை மேஜை இழுப்பறையில் வைத்தேன். பெட்டியைத் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அவள் தரையில் கிடந்தபடி, கண்ணைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல முயன்றாள். கடைசியாக அவளுடைய பல் துலக்கும் பிரஷைக் கொண்டுபோய்க் குளியலறைக் குவளையில், என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்கப்புறம்தான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.