பன்னிரண்டில் ஒன்று குறைந்தது

எனக்குப் பிளேன்டீ போதும், இன்ஸ்பெக்டர் சேர். பால் ஒத்துக்கொள்வதில்லை.

பதுளையில் எங்கள் நிறுவனம் தோட்டத்துப் பெண்களின் முறைப்பாடுகளைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்கிறது. பெயரை நாங்கள் யாரும் பார்க்க முடியாது. எண்ணிக்கை மட்டும் கேட்கலாம். விடை ஐந்துக்குக் குறைவாக இருந்தால் அதையும் காட்டாது. அந்தப் பூட்டைப் போட்டவனே நான்தான்.

என் தாய்மாமன் கணபதி, பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கங்காணி. என்னைப் படிக்க வைத்தவர். மலையில் ஒரு பெண்ணிடம் அவர் தப்பாக நடந்துகொண்டதாக முறைப்பாடு வந்து, விசாரணை நடக்க இருந்தது. சொன்னது யார் என்று தெரியாமல், கொழுந்தெடுக்கும் ஒவ்வொருத்தியையும் சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தார்.

"பேரு எனக்கே தெரியாது மாமா. பூட்டியிருக்கு."

"பூட்டுனவனுக்குத் தொறக்கத் தெரியாதா, மருமகனே? இதுக்கா ஒன்னயப் படிக்க வச்சேன்?"

நான் பூட்டைத் திறக்கவில்லை, சேர். கேள்விதான் கேட்டேன். அவருடைய டிவிஷனில் எந்த முறைப்பாடானாலும் சொன்ன பெண்கள் எத்தனை பேர்? பன்னிரண்டு. கங்காணியைப் பற்றிச் சொன்ன, பசறையில் பிறந்தவர்களை விட்டுவிட்டால்? அப்போதும் பன்னிரண்டு. பசறைக்குப் பதில் ஹாலிஎல என்றால்? பன்னிரண்டு. ஹல்துமுல்லை என்று மாற்றினேன். பதினொன்று வந்தது. குறைந்த அந்த ஒருத்திதான் மாமாவைப் பற்றிச் சொன்னவள்.

மாமாவிடம் நான் பெயர் எதுவும் சொல்லவில்லை. "ஒங்க மலைக்கு ஹல்துமுல்லையில இருந்து வாக்கப்பட்டு வந்தவங்க எத்தன பேரு?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒருத்திதான்" என்றார்.

அடுத்த வாரம் அந்த ஹல்துமுல்லைக்காரி சிவசக்தி கொழுந்து மலைக்குக் கீழே பள்ளத்தில் செத்துக் கிடந்தாள். வழுக்கி விழுந்திருப்பாள் என்றார்கள். மழைக்காலம்தானே, நானும் மறுக்கவில்லை.

காரியம் முடிந்ததும் அவளுடைய நாத்தனார் கம்சலா என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தாள்.

"அண்ணி வாயே தெறக்கல சேர். சொன்னது நான். அன்னைக்கு அவங்களுக்குக் காச்சல். அவங்க பேருலதான் நான் மலைக்குப் போனேன். ஒங்க ஆபீஸ்ல இருந்து முறைப்பாடு எழுத வந்த மிஸ் கேட்டப்பயும் அதே பேரத்தான் குடுத்தேன். பக்கத்துலயே பேரு பதியிற கணக்கப்புள்ள நின்னாரு, மாத்திச் சொல்ல முடியல."

லயத்து வீடுகளில் இது வழக்கம். ஒருத்திக்கு முடியாமல் போனால், நாள் சம்பளம் போகாமலிருக்க வீட்டில் இன்னொருத்தி அவள் பெயரில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நிற்பாள். லயத்தில் பிறந்த நான் இதை யோசித்திருக்க வேண்டும். அந்தப் பெயரை வைத்துத் தோட்டப் பதிவிலிருந்து கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது சிவசக்தியின் பிறந்த ஊரை.

"வெசாரணையில நானே வந்து சொல்றேன்" என்றாள் கம்சலா. "அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம். நீங்கதான் ரகசியமெல்லாம் காப்பாத்துறவருன்னு மிஸ் சொன்னாங்க."

"பயப்படாம போங்க தங்கச்சி" என்றேன். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூடவே போய் ஏற்றிவிட்டேன். அவள் வீடு போய்ச் சேரவில்லை என்பதை நீங்கள் சொல்லித்தான் கேள்விப்படுகிறேன்.

அவள் ஏறிய பஸ் எதுவென்று மாமாவுக்கு போன் பண்ணிச் சொன்னது நான்தான். முதலில் நான் கொடுத்த தகவல் பிழையாகிவிட்டது, சேர். பிழையைத் திருத்தாமல் விடுவது என் வேலைக்கு அழகில்லை.