மாத்திரை யாருக்கு

சீசன் நேரத்தில் தென்காசியில் அதிகம் விற்பது சளி மாத்திரைதான். குற்றாலத்தில் அருவி அருவியாகப் போய் நின்றுவிட்டு, ஈரத்தலையோடு ஊர் திரும்புகிறவர்களில் பாதிப் பேர் தும்மிக்கொண்டேதான் என் கடைப் படி ஏறுவார்கள். கொடுத்து மாளாது. அப்படி ஒரு நாளில்தான் இது ஆரம்பித்தது, இன்ஸ்பெக்டர் மேடம். கூட்டம் இல்லாத நாளாக இருந்திருந்தால் நானும் முழுசாகப் பேசியிருப்பேன்.

என் பெயர் காந்திமதிநாதன். முப்பத்தொரு வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஜாதகம் பொருந்திவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் மூன்று இடத்தில் விசாரிப்பார்கள். பக்கத்து வீடு, பெண் வேலை பார்க்கிற இடம், மருந்துக்கடை. பக்கத்து வீட்டில் பொறாமையில் ஏதாவது சொல்வார்கள், வேலை இடத்தில் பூசி மெழுகுவார்கள். மருந்துக்கடைக்காரன் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. யாருக்குச் சர்க்கரை, யாருக்குத் தைராய்டு, யார் தூக்க மாத்திரை இல்லாமல் படுக்க மாட்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வெளியே சொல்லக் கூடாது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் மரியாதைப்பட்டவர்கள்.

வல்லிநாயகம் எங்கள் தெருவில் நாலாவது வீடு, ரிட்டயர்டு வாத்தியார். அவருக்கு முகநரம்பு வலி. கன்னத்தில் காற்றுப் பட்டாலே துடித்துப்போவார். பல் தேய்க்க முடியாது, சோற்றை மெல்ல முடியாது. திருநெல்வேலி டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, அதில்தான் மனுஷன் நடமாடிக்கொண்டிருந்தார். அதே மாத்திரையை வலிப்புக்கும் கொடுப்பார்கள். கடையில் நாங்கள் வலிப்பு மாத்திரை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அவருடைய ஒரே மகள் லோகநாயகி, வேலை முடிந்து வரும் வழியில் மாதம் தவறாமல் வாங்கிப் போவாள். "மாமா, அப்பா மாத்திரை" என்று சீட்டை நீட்டுவாள். யாருக்கு என்று எனக்குத் தெரியாது என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை.

போன ஆடியில் வாசுதேவநல்லூரிலிருந்து ஒருவர் வந்தார். விஜயசங்கர் என்ற பையனுக்குப் பெண் கேட்கிறார்கள், வந்தவர் அவனுக்குத் தாய்மாமன். ஐந்தருவியில் குளித்துவிட்டு நேராக வந்திருந்தார். தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டே கேட்டார்.

"அண்ணாச்சி, வல்லிநாயகம் வாத்தியார் மக எப்படி? உடம்புக்கு ஒண்ணும் இல்லைல்லா?"

எனக்கு முன்னால் எட்டுப் பேர் நின்றார்கள். மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே, "நல்ல பிள்ளைதான். மாசாமாசம் வலிப்பு மாத்திரை வாங்க வரும்" என்றேன். அடுத்தவரைக் கவனிக்கத் திரும்பினேன். அவர் ஜிபேயில் பணத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

யாருக்கு மாத்திரை என்று சொல்லவில்லையே என்பது கால் மணி நேரம் கழித்து உறைத்தது. போனை எடுத்துப் பார்த்தேன். பணம் போட்டதில் அவர் நம்பர் இருந்தது. கூப்பிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மருந்துக்கடைக்காரன், 'சொன்னது தப்பாப் போச்சு' என்று சொல்லலாமா? இன்றைக்கு வார்த்தை தப்பு என்றால் நாளைக்கு மாத்திரையும் தப்பு என்பார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்றைக்கு அவியல்.

பத்து நாளில் அந்தச் சம்மந்தம் நின்றது. வாத்தியாரின் மனைவி சொக்கம்மாள் கடைக்கு வந்து அழுதாள். "என்ன கொறைன்னே சொல்ல மாட்டேங்காங்க அண்ணாச்சி." நான் ஸ்டூலை எடுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, "இதைவிட நல்ல இடமா வரும்" என்று தேற்றினேன். உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னேன்.

வந்தது. ஆவணியில் ராயகிரிக்காரர்கள். அவர்கள் காதுக்கு முதல் செய்தி எட்டியிருந்தது, என்னிடம் உறுதிப்படுத்திக்கொள்ள வந்தார்கள். இப்போது மாற்றிச் சொன்னால் ஒரு வாயில் இரண்டு நாக்கு என்று ஆகும். "நான் ஒண்ணும் சொல்லுததுக்கில்லை" என்றேன். அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஐப்பசியில் இன்னொரு இடம். அவர்களிடம் அதுகூடச் சொல்லவில்லை, சிரித்தேன்.

உங்களிடம் மறைப்பானேன். அதில் ஒரு சுகம் இருந்தது. கார் போட்டு வந்த பெரிய மனிதர்கள், படியில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாத்தியார் தெருவில் போனால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். எனக்கு யாரும் நின்றதில்லை.

கார்த்திகையில் தரகர் மூலமாக வாத்தியாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மகள் கையில் மாத்திரையை யாரோ பார்த்துக் கதை கட்டிவிட்டார்கள் என்று நினைத்தார். கடைக்கு வந்து, கன்னத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு பேசினார்.

"அண்ணாச்சி, தைக்கு மேல முத்துகுமரன் வீட்டுலேருந்து வருதாங்க. பையன் அவகூட வேலை பாக்கான். ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கு. அவன் அம்மா மட்டும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேப்பா. மாத்திரை எனக்குள்ளதுன்னு சொல்லிருங்க. எம் மக வாழ்க்கை உங்க வாயிலதான் இருக்கு."

"சொல்லுதேன் வாத்தியாரே" என்றேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த அம்மாள் வந்தாள். நல்ல பெண்மணி, நம்புவதற்குத் தயாராகவே வந்திருந்தாள். கேட்டாள். நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன்.

"மாத்திரை தனக்குள்ளதுன்னு சொல்லச் சொல்லிருக்காரு வாத்தியார்" என்றேன்.

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். அந்த நாலு இடத்திலும் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நீங்களே திரும்ப வாசித்துப் பாருங்கள்.

அந்த இடமும் நின்ற பிறகு வாத்தியார் மாத்திரையை நிறுத்திவிட்டார். அந்த அட்டை வீட்டுக்குள் வரக் கூடாது என்று சத்தம் போட்டாராம். சொக்கம்மாள் அவருக்குத் தெரியாமல் வாங்க வந்தாள், பாலில் பொடித்துக் கலந்து கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். "அவருக்கு வேண்டாம்னா விடுங்க, நரம்பு தானா அடங்கும்" என்று அனுப்பிவிட்டேன். அடங்காது என்று தெரியும். இந்தத் தொழிலில் முப்பத்தொரு வருஷம் இருந்தவனுக்கு அது தெரியாதா? அந்த அட்டை போகப் போகப் பேச்சும் வளரும், எல்லாருக்கும் சங்கடம் என்று பட்டது. இரண்டு மாதம் கஞ்சியைக்கூட அவர் துணியில் நனைத்து உறிஞ்சினதாகச் சொன்னார்கள். ராத்திரியில் சத்தம் என் வீடு வரை கேட்கும். நான் ஃபேனைக் கூட்டி வைத்துக்கொள்வேன்.

பங்குனியில் குற்றாலம் ரோட்டுக் குளத்தில் அவரை எடுத்தார்கள். மேஜைமேல் மூக்குக்கண்ணாடிக்கு அடியில் இருந்த காகிதத்தைத்தான் நீங்கள் என்னிடம் காட்டினீர்கள். 'மாத்திரை எனக்கு உள்ளது. என் மகளுக்கு ஒரு நோயும் கிடையாது. சந்தேகம் இருப்பவர்கள் காந்திமதிநாதன் அண்ணாச்சியிடம் கேட்டுக்கொள்ளவும்.' வாத்தியார் எழுத்து, ஒற்றுப்பிழை இல்லை.

பதினாறாம் நாள் முடிந்து லோகநாயகி கடைக்கு வந்தாள். எதுவும் வாங்கவில்லை. "மாமா, முத்துகுமரன் அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"உங்க அப்பா சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன் தாயீ."

"நீங்களாவது அவருக்காகச் சொன்னீங்களே" என்று அழுதாள். பாவமாக இருந்தது. அவளுக்கும் ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டேன்.

காகிதத்தில் இருப்பது உண்மையா என்று கேட்டு எழுதித் தரச் சொன்னீர்கள். உண்மை. லோகநாயகிக்கு ஒரு தலைவலிகூடக் கிடையாது, அது முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். வாசுதேவநல்லூர்க்காரருக்கு அன்றே ஒரு போன் போட்டிருந்தால் அவள் இந்நேரம் அந்த வீட்டு மருமகள். முத்துகுமரன் அம்மாவிடம் இரண்டு வார்த்தை குறைத்துச் சொல்லியிருந்தால் வாத்தியார் உயிரோடு இருப்பார். செய்தது நான்தான். இதில் கையெழுத்தும் போடுகிறேன்.

முத்துகுமரன் இன்னும் அவளைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறானாம். அவன் அம்மா மனசு இளகி, நாளைக்கு மறுபடியும் என்னிடம் விசாரிக்க வருகிறாளாம். வரட்டும். மாத்திரை வாத்தியாருக்குள்ளதுதான் என்று இந்தத் தடவை தெளிவாகவே சொல்லிவிடப் போகிறேன். அவள் வேறு ஏதாவது கேட்டால், கேட்டதற்குப் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்? நாண்டுகொண்டோ குளத்தில் விழுந்தோ சாகிற புத்தி அந்தக் குடும்ப ரத்தத்தில் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்று நான் எப்படிப் பொய் சொல்வேன், மேடம்.