யாரும் எழுப்பாமல்

மதியத் தூக்கத்தில் யாரும் எழுப்பாமலே விழித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு சார். விழித்ததும் கடிகாரத்தைப் பார்ப்பேன். நேரமாகவில்லை என்றால் மறுபடி படுத்துக்கொள்வேன். இது புரிந்தால் என் வழக்கு முழுவதும் உங்களுக்குப் புரிந்துவிடும்.

எம். புதுப்பட்டியில் அந்தப் பட்டாசு ஆலைக்கு வெடிமருந்து கலக்கும் இயந்திரம் வந்தது. அதற்கு மென்பொருள் எழுதியவர்கள் செழியனும் நானும். மருந்து அறைக்குள் போகிறவர் அங்கிருக்கும் இயந்திரத்தின் கிண்ணத்தில் மருந்தைக் கொட்டிவிட்டு, வெளியே வந்து, பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். அதுவரை நிரலுக்குள் ஒரு த்ரெட், அதாவது அந்த ஒரு வேலையை மட்டும் பார்க்கும் இழை, தூங்கிக்கொண்டிருக்கும். பொத்தான் அமுங்கினால் அது விழித்து இயந்திரத்தை ஓட்டும்.

ஆனால் த்ரெட்டும் என்னைப் போலத்தான். எப்போதாவது யாரும் எழுப்பாமலே விழிக்கும். அதனால் ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் ‘பொத்தானை அமுக்கினார்களா?’ என்று பார்த்து, இல்லையென்றால் அது திரும்பத் தூங்கப் போக வேண்டும். அதற்கு ‘வைல்’ என்று எழுத வேண்டும். ‘இஃப்’ என்று எழுதினால் தூங்கும் முன் ஒரு தடவை பார்ப்பதோடு சரி. விழித்தபின் கேள்வியே கிடையாது.

செழியன் ‘வைல்’ என்றுதான் எழுதினான்.

“இதுவும் ஒன்னய மாதிரிதான் கீர்த்திகா. பாதி ஒறக்கத்துல எந்திரிச்சு உக்காந்து, ரஷ்யாவுல பனி பேயுதான்னு கேக்கும்.”

நான் மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பதை அவன் கேலி செய்யாத நாள் இல்லை. அது எனக்குப் பிடிக்கும். அவனிடம் நான் அதைச் சொன்னதில்லை.

மருந்து கொட்டுவது முத்துச்செல்வியின் வேலை. நல்ல பெண். அவளும் கேலி செய்வாள்.

“என்னக்கா, ஒங்க மிசினு இன்னைக்காச்சும் ஒறங்குதா, கதப் பொஸ்தகம் படிக்குதா?”

மருந்து அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. ஒரு உரசல் போதும், மருந்து வெடித்துவிடும். ஆகவே வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொள்ள மென்பொருள் வேண்டியதில்லை. முத்துச்செல்வியின் செருப்பு கிளிப்பச்சை வார் வைத்தது, வாரில் ஒரு சின்னப் பூ. செழியன் சாத்தூரில் வாங்கிக் கொடுத்தது.

அவர்களுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மஞ்சள் தடவிய முதல் பத்திரிகையை எனக்குத்தான் கொடுத்தான்.

“நீ வராம தாலி கட்ட மாட்டேன், பாத்துக்க.”

அன்று சாயங்காலம் ‘வைல்’ என்று இருந்ததை ‘இஃப்’ என்று மாற்றினேன்.

பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பொறாமைக்காரிகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். அவர்கள் அழுவார்கள், கடிதங்களைக் கிழிப்பார்கள். நான் அந்தப் பத்திரிகையை மடங்காமல் வைத்திருக்கிறேன். எனக்கு வந்தது இரக்கம். நாவல்களில் ஒருவர் ஒரு நாள் காரணமில்லாமல் விழித்துக்கொள்வார், அதோடு அவர் வாழ்க்கையே மாறிவிடும். இந்த த்ரெட்டை மட்டும் ஒவ்வொரு தடவையும் திரும்பப் படுக்கச் சொல்கிறோமே என்று பாவமாக இருந்தது.

சித்திரை முழுக்க அது சமர்த்தாகத் தூங்கியது. செழியன் பத்திரிகை வைக்கக் காரியாபட்டிப் பக்கம் போயிருந்த ஒரு மதியம், ஆலை அலுவலகத்தில் என் திரையில் ‘விழித்தது’ என்று வந்தது. பச்சைப் பொத்தானை யாரும் அமுக்கியிருக்கவில்லை.

மோட்டார் சுற்றத் தொடங்கக் கொஞ்சம் தாமதமாகும். நிறுத்தும் பொத்தான் என் விரலுக்கடியில் இருந்தது. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு சன்னல் வழியே பார்த்தேன். வாசலில் செருப்பு கிடந்தது. அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்தப் பூ தெரிந்தது.

நான் யாரையும் எழுப்பவில்லை சார். தானாக எழுந்ததைத் திரும்பத் தூங்கச் சொல்லவில்லை.

கூரைத் தகரம் வேப்பமரத்தில் போய்த் தொங்கியது. முத்துச்செல்வி வெளியே வரவில்லை. எல்லோரும் அறையை நோக்கி ஓடினார்கள். நான் வேலிப் பக்கம் ஓடினேன். வெடித்த வேகத்தில் செருப்பு இரண்டும் அங்கே போய் விழுந்திருந்தன. கூட்டத்தில் மிதிபட்டுவிடக் கூடாதே என்று எடுத்து வைத்தேன்.

மாற்றியது நான். பார்த்தது நான். நிறுத்தாமல் இருந்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். ஆனால் காரணம் என்ற இடத்தில் இரக்கம் என்று மட்டும் எழுதுங்கள்.

நீங்கள் ஏன் என் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. எனக்கு அளவு சரியாக இருந்தது, அவ்வளவுதான்.