காதால் கேட்ட சாட்சி

— அந்த வார்த்தையை மறுபடி சொல்லும்மா.

— பிளாஸ்ஃபெமி. தெய்வ நிந்தனை. இன்ஸ்பெக்டர் எழுதினதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டீங்களேப்பா, அர்த்தம் தெரியாமலா?

— மெதுவா பேசு. பக்கத்து வீட்ல கேட்கும்.

— மெதுவா பேசினா உங்களுக்குக் கேட்காதே. முதமுதல்ல அந்தச் சொல்லுல சாமியே கிடையாது. பழைய கிரேக்கச் சொல். பாதி கெடுதல், பாதி பேச்சுங்கிறாங்க. பேசியே ஒருத்தர் பேரைக் கெடுக்கிறது. எந்த மனுஷன் பேரா இருந்தாலும். சாமி அதுக்குள்ள அப்புறம்தான் வந்தார்.

— படிச்சவ... என்னென்னவோ சொல்ற.

— உங்க சாட்சியால உங்க மில் ஃபிட்டர் மாமா லாக்கப்ல இருக்கார். வீட்டு ஜன்னலை உடைச்சிருக்காங்க. காலையில அத்தை வந்து வாசல்லயே நின்னாங்க. "உங்கப்பாவா சொன்னாரு?" அவ்வளவுதான் கேட்டாங்க.

— நீ என்ன சொன்ன?

— எங்கப்பா சொல்லியிருக்க மாட்டார்னேன். அசடு மாதிரி.

— அவன் சாமியைத் திட்டினான். என் காதால கேட்டேன்.

— எங்க வச்சு?

— தறி ஷெட்லதான்.

— தறி ஓடிட்டு இருந்ததா?

— ஓடாம? ஷிஃப்ட் நேரமாச்சே.

— ஷெட்ல எல்லாரும் கையாலதானேப்பா பேசுவீங்க? நூல் அறுந்தா ரெண்டு விரல். மேஸ்திரி வந்தா மீசை. தண்ணிக்குக் கட்டைவிரல். எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான். பக்கத்துல இடி விழுந்தாலும் கேட்காதும்பீங்க.

— அன்னைக்குக் கேட்டுச்சு.

— சாமிக்கு என்ன சைகை?

— விடு...

— காட்டுங்க.

— அப்படி ஒண்ணு கிடையாது.

— தறிச் சத்தத்துக்கு எல்லார் காதுக்கும் அடைப்பு வேணும்னு மேனேஜர் ரூம் முன்னாடி ஒத்தையா நின்ன மனுஷன் நீங்க. உங்க காதுக்கும் சேர்த்துத்தான். அந்தக் காதால கேட்டேன்னு எப்படிப்பா...

— போதும்டி.

— போதாது. நாளைக்குக் கோர்ட்ல, எதுவும் கேட்கலன்னு சொல்லுங்க.

— முடியாதும்மா.

— மேனேஜருக்குப் பயமா? மாமாவை அவருக்கு ஆகாதுன்னு மில்லுக்கே தெரியும். வேலை போனா போகட்டும். நான்தான் சம்பாதிக்கிறேனே. இந்த வாரம்தான் மில் ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்தேன்... ஏன் அப்படிப் பாக்கறீங்க? ரெண்டு வருஷமா எவனும் கூப்பிடல. திடீர்னு மேனேஜரே வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். என்ன படிச்சேன்னுகூடக் கேட்கல... அப்பா. கையை ஆட்டாதீங்க. இங்க தறி ஓடல. வாயைத் திறந்து சொல்லுங்க.

— "ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிட்டு நேரா வா. உன் பொண்ணுக்கு ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்கேன்"னாரும்மா.