உடம்பு முதல்ல, தலை கடைசியில

ஆடாதே எர்வின். கழுத்துப் பட்டை மாட்டியாச்சுல்ல, தலையாட்டக் கூடாது. மூஞ்சியில ஆக்ஸிஜன் மூடி வேற இருக்கு, பேசவும் வேணாம். சரின்னா ஒரு தடவை கண்ணைச் சிமிட்டு, போதும். ஆங், அப்படித்தான்.

இறுக்குதா? இறுக்கத்தானே செய்யும். பலகையில கட்டின ஆளு அசையவே கூடாதாம். போன ஆம்புலன்ஸ் பரீட்சையில அவசரப்பட்டு முதல்ல தலையைக் கட்டித் தொலைச்சிட்டேன். அத்தோட வீட்டுக்குப் போம்மான்னுட்டாங்க. உடம்பு நழுவினா கழுத்து முறிஞ்சிரும்ல, அதான். முதல்ல நெஞ்சு, அப்புறம் இடுப்பு, காலு, கடைசியிலதான் தலை. நாளைக்கு மறுபடி போறேன். இதுவும் போச்சுன்னா வகுப்புல முதல்லேர்ந்து உக்காரணும், இந்த மான் வேட்டை சீசனுக்குள்ள ஆம்புலன்ஸ்ல ஏற முடியாது. ஏறியே ஆகணும் எனக்கு.

பேரன் எடுத்த வயசுல இவளுக்கு எதுக்கு இந்த வம்புன்னு சர்ச் வாசல்ல எல்லாரையும் சிரிக்க வச்சியே. நானும் சிரிச்சேன். சிரிச்சு வச்சாத்தானே, நான் பழகிப் பாக்க நோயாளியா வந்து படுப்பியான்னு கேட்டா நீ வருவே.

கால் விரலை ஆட்டு. கிள்ளுறேன், தெரியுதா? நல்லது.

என் டுவெய்ன் விழுந்தப்ப எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. கட்டின மனுஷன் அடுக்களைத் தரையில கிடந்து நெஞ்சைப் பிசையுறார், நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுட்டு, அவர் கையைப் பிடிச்சிக்கிட்டு ஜன்னலையே பாத்திட்டிருக்கேன். நம்ம ஊர்ல ஆம்புலன்ஸ்னா யாரு, நீயும் ரோஜரும்தானே. சம்பளம் கிடையாது, சரி. ஆனா இடுப்புல பேஜர் கத்தினா போட்டது போட்டபடி ஓடி வரணும்ல? மான் சீசனோட முதல் நாள் காலைல அது. ஒருத்தரும் வரல. பக்கத்து ஊர் வண்டி வந்து சேர்றப்ப அவர் கை சில்லிட்டுப் போச்சு. பேஜர் பேட்டரி செத்துருச்சும்மான்னு சவப்பெட்டிக்கிட்ட நின்னு நீ அழுதே. நான்தான் உன் முதுகைத் தடவிக் குடுத்தேன்.

ஏன் இத்தனை தடவை சிமிட்டுறே? அவிழ்க்கிறேன், இரு. இன்னும் தலை பாக்கி இருக்கு.

ரோஜர் சொல்லிட்டான்ப்பா. குடிச்சிருந்தான், கேக்காமலே கொட்டிட்டான். வேட்டையில பெரிய கொம்பு மான் ஒண்ணு கிட்ட வந்துச்சாம், அந்நேரம் பாத்து பேஜர் கத்துச்சாம். மான் மிரண்டுரும்னு உன்னதை அணைச்சிட்டு, அவனதையும் பிடுங்கி நீதான் அணைச்சியாம். துக்க வீட்டுக்குச் சட்டி நிறைய மான்கறி கொண்டாந்தியே, அந்த மான்தானே? நான் ரெண்டாந்தடவை வாங்கித் தின்னேன் எர்வின். உன்னை வாழ்த்திக்கிட்டே தின்னேன்.

பயப்படாதே, உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன். உனக்கும் நெஞ்சுக்கு மாத்திரை ஓடுதுன்னு உன் பொண்டாட்டி சொன்னா. ரோஜர் ஆம்புலன்ஸ் குழுத் தலைவர்கிட்டயும் போய்ச் சொல்லிட்டான். நாளைக்கு நான் தேறிட்டா, உன் பேஜரைப் பிடுங்கி எனக்குத் தர்றாங்க. இனி உனக்கு வலி வந்தா அது என் இடுப்புலதான் கத்தும். நான் அணைக்க மாட்டேன். ஓடி வருவேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் நீ மல்லாந்து என் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு வரணும். எத்தனை தடவை விழுந்தாலும் காப்பாத்துவேன். லேசுல உன்னைச் சாக விட மாட்டேன்.